இடது பக்கச் சொட்டு

வண்டி வேலையில் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. சத்தம் போடுகிற வண்டி எங்கே கோளாறு என்று தானே சொல்லிவிடும், சொட்டுகிற வண்டிதான் ஆளை ஏமாற்றும்.

ஸ்பேனர் பிடித்து நகம் கறுத்தவர்களுக்கும், அப்படிப்பட்டவர்களிடம் வண்டியை விட்டுவிட்டு "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு பஸ் ஏறிப் போனவர்களுக்கும் நான் சொல்வது புரியும். செவிலிமேட்டில் வந்தவாசி ரோட்டோரம் நாற்பத்தொரு வருடமாக ஷெட் வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவது வரைதான். ஆட்களோடு பேசக் கூச்சம். அவர்கள் பேசும்போது எதையாவது எண்ணிக்கொண்டு நிற்பேன். இங்கே ஒரே ஒரு வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதை நான் சரியாகத்தான் பழுது பார்த்தேன். ஆனால் முதல் தடவை அல்ல.

கொட்டாத பாயசம்

தரணேந்திரன் ஐயா திருப்பருத்திக்குன்றத்துக்காரர். நெல் மண்டி வைத்திருந்து ஓய்ந்தவர். நீலகிரியில் ஒரு எஸ்டேட்காரரிடம் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அவரிடம் இருந்தது. சிவப்பு நிறம், இரண்டே சீட், மேலே மடக்குகிற துணிக்கூரை. அவரும் அவர் மனைவி பத்மாவதி அம்மாவும் தினமும் சாயங்காலம் அதில் பாலாற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவார்கள். சூரியன் இறங்குவதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்கிற ஜைனக் குடும்பம். அதனால் எங்கே போனாலும் வெளிச்சத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு நாள் இரண்டு பேரும் வண்டியோடு ஷெட்டுக்கு வந்தார்கள். உள்ளே ஓர் இனிப்பு வாசனை. இடது பக்கம் கால் வைக்கிற இடத்தில் விரிப்பு ஈரம். அம்மா தூக்கில் எடுத்து வந்த பாயசத்தைக் கொட்டிவிட்டு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்பது ஐயாவின் புகார். நான் விரிப்பைத் தூக்கி, ஈரத்தை விரலால் தொட்டு முகர்ந்தேன். கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீரில் கலக்கிற திரவம்; அதற்கு இனிப்பு வாசனை உண்டு. டாஷ்போர்டுக்குப் பின்னால், உட்காருகிறவரின் காலுக்கு மேலே ஹீட்டர் கோர் என்று ஒன்று இருக்கும். சின்ன ரேடியேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் சுடுதண்ணீர் அதற்குள் ஓடும். மலைப் பிரதேசத்தில் அதன் மேல் காற்றை விட்டுக் குளிர் காய்வார்கள். அதில் ஓட்டை. நிமிடத்துக்கு ஒன்பது சொட்டு.

விஷயத்தைச் சொன்னதும் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அம்மா சீட்டில் இருந்தபடியே சொன்னார்: "கேட்டுக்குங்க மேஸ்திரி. எனக்கு சக்கரைன்னு சொல்லி வீட்டுல பாயசம் வச்சே ஆறு மாசம் ஆவுது. வைக்காத பாயசத்த நான் எங்கருந்து கொண்டாந்து கொட்டுவேன்?"

இரண்டு ஸ்பூன்

முறையான வைத்தியம், டாஷ்போர்டு முழுவதையும் இறக்கிக் கோரை வெளியே எடுத்து மாற்றுவது. அதற்கு நாள் பிடிக்கும். எங்கள் ஊர் வைத்தியம் வேறு. இந்த வெயிலில் யாருக்கு ஹீட்டர் வேண்டும்? கோருக்குப் போகிற ரப்பர் ஹோஸ், வருகிற ஹோஸ் இரண்டையும் வெட்டி ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே போகாது. இருபது நிமிட வேலை. அதைத்தான் சொன்னேன். ஐயா சம்மதிக்கவில்லை. அந்த ஹோஸ்கள் வண்டியோடு வந்தவை, வளைவு வளைவாக வார்த்தவை, வெட்டினால் அதுபோல வேறு கிடைக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தவாசியில் மகள் வீட்டில் பேரக் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். வண்டி அதற்கும் வேண்டும்.

ஆகவே மஞ்சள் தூள். இந்தப் பக்கத்தில் லாரி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைப் போட வேண்டும். அது தண்ணீரோடு சுற்றிப்போய் ஓட்டையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். எப்படியும் அடுத்த வாரம் பிரிக்கப் போகிறோம், கூலண்ட் வீணாக வேண்டாம் என்று அதை வடித்து எடுத்து வைத்தேன். வெறும் தண்ணீர் ஊற்றி இரண்டு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கலந்தேன். எஞ்சினை ஓட விட்டு, இடது பக்கம் டார்ச் அடித்து முப்பது நிமிடம் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை. நிற்கிற வண்டியில் இருக்கும் அழுத்தம் வேறு, ஓடுகிற வண்டியில் இருக்கும் அழுத்தம் வேறு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சாவியைக் கொடுத்தேன்.

ரேடியேட்டர் மூடியை மூடுவதற்குள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டார். "இன்னும் புளியும் உப்பும் போட்டுடுங்க மேஸ்திரி. வந்தவாசி போயி எறங்கறதுக்குள்ள கொழம்பு கொதிச்சிருக்கும்."

மஞ்சள் பூசின கால்

ஐயாவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. அந்த வண்டிக்குள் செருப்புக் காலோடு யாரும் ஏறக் கூடாது. செருப்பைக் கழற்றித் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவும் அப்படித்தான் வெறுங்காலோடு போயிருக்கிறார். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. வரும்போது மகள் வீட்டில் கிளம்பத் தாமதமாகிவிட்டது. சூரியன் இறங்குவதற்குள் வீட்டில் இலை போட வேண்டும் என்று ஐயா ஆக்சிலேட்டரை அழுத்தியிருக்கிறார். வழியில் பெருநகர் என்கிற ஊர் தாண்டி எங்கேயோ, ஓட்டையை அடைத்திருந்த மஞ்சள் பிய்த்துக்கொண்டது. கொதிக்கிற தண்ணீர் அம்மாவின் இடது காலில் விழுந்துகொண்டே வந்திருக்கிறது. பதினாறு வருடத்துச் சர்க்கரை. கணுக்காலுக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது.

வீட்டுக்கு வந்து இறங்கினபோது கால் மஞ்சளாக இருந்தது. காலையில் பெயர் வைக்கிற வீட்டுக்குப் போவதற்காக அவர் இரண்டு காலுக்கும் மஞ்சள் பூசியிருந்தார். மஞ்சளாக இருக்க வேண்டிய கால் மஞ்சளாக இருந்தது. யார் குனிந்து பார்ப்பார்கள்? அம்மாவுக்குக் கண் மங்கல், குனிந்தாலும் மஞ்சள் நிறம் மட்டும்தான் தெரியும். மூன்றாம் நாள் படுக்கை விரிப்பில் ஈரத்தைக் கண்டுதான் ஐயா அந்தக் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். பெருவிரலில் இருந்து சுண்டுவிரல் வரை தோல் கழன்றிருந்தது.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மறுநாள் காலையில் ஐயா வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சாவியை என் கையில் வைத்துவிட்டு, வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சுட்டுதான்னு கேட்டேன் மேஸ்திரி. தெரியலன்றா. வழியெல்லாம் மஞ்ச வாசன நல்லா இருக்குதுன்னு சொல்லிக்கினே வந்தா."

அறுபத்திரண்டு திருகு

டாஷ்போர்டை இறக்க இரண்டு நாள் ஆயிற்று. அறுபத்திரண்டு திருகு, மூன்று நீளத்தில். நீளத் திருகைக் குட்டைத் துளையில் போட்டால் பின்னால் போகிற ஒயரைக் குத்திவிடும். பட்டுப்புடவை வைத்துக் கொடுக்கிற அட்டைப்பெட்டி மூடிகளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதினேன். கழற்றின ஒயர்களுக்கும் நம்பர் கட்டினேன். ஹோஸ் இரண்டையும் வெட்டாமல் வெந்நீர் ஊற்றி இளக்கிக் கழற்றினேன். அதற்கு ஆன நேரம் பத்து நிமிடம். முதல் தடவையே அப்படிக் கழற்றி, வேறு ஹோஸ் ஒன்றை வளைத்து மாட்டியிருந்தால் கோர் பக்கம் தண்ணீரே போயிருக்காது. எனக்கு அப்போது தோன்றவில்லை. இதை ஐயாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவர் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வழியில் ஷெட்டுக்கு வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து, டாஷ்போர்டு இல்லாத வண்டியைப் பார்ப்பார். நான் கேட்காமலே கணக்குச் சொல்வார். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். பிறகு மூன்றை எடுத்தார்கள். அதன் பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்; எண்ண ஒன்றும் இல்லை.

ஹீட்டர் கோரை, பக்கத்து ரேடியேட்டர் கடை தஸ்தகீர் பாயிடம் கொடுத்திருந்தேன். பழைய பித்தளைக் கோர். புதிது கிடைக்காது, உள்ளே இருக்கிற குழாய்களை மொத்தமாக எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வைத்து ஈயம் பற்றவைத்துத்தான் தர முடியும். அவர் பிரித்துவிட்டுக் கூப்பிட்டார். இருபத்துநாலு குழாய். பதினொன்றில் மஞ்சள் சேறாக இறுகியிருந்தது. ஒரு கம்பியால் குத்தித் தரையில் தட்டினார். விழுந்த மஞ்சள் கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நானும் வர்றவன் போறவனுக்கெல்லாம் மஞ்சத்தூள் போடுன்னு சொல்லிக்கினுதான் இருக்கேன், ஏகாம்பரம். எவனும் திரும்பி வந்து இப்படி ஆச்சுன்னு சொன்னதில்ல. நல்லா ஆச்சுன்னும் சொன்னதில்ல."

நாலாவது தடவை

அம்மாவைப் பார்க்க மூன்று தடவை ஆஸ்பத்திரி கேட் வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்று தடவையும் கையில் ஆரஞ்சு இருந்தது; சர்க்கரைக்காரருக்கு ஆரஞ்சு கொடுக்கலாமா என்று யோசித்துத் திரும்பினதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாவது தடவை வெறுங்கையோடு உள்ளே போனேன். அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. ஐயா ஜன்னலோரம் நின்றார்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். "நிக்கிற வண்டியில பாத்தது போதாதுன்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் கொடுத்தேன்." ஐயா திரும்பாமலே, "வேகமா ஓட்டினது நானு. செருப்பக் கழட்டச் சொன்னதும் நானு" என்றார். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா இருக்குதே, ஆளுக்கு ஒரு பங்கா? அப்ப எனக்கு? இவரு போட்டது ரெண்டு ஸ்பூன். நான் கல்லுல ஒரசி ரெண்டு காலுக்கும் பூசினேன். எந்த மஞ்ச காயத்த மறைச்சுதுன்னு யாருப்பா சொல்றது?"

சோதனை ஓட்டம்

கோர் திரும்பி வந்தது. மாட்டினேன். அறுபத்திரண்டு திருகும் அதனதன் துளைக்குப் போயின, ஒன்றும் மிஞ்சவில்லை. கூலண்ட் நிரப்பி, பாலாற்றுப் பாலத்துக்கும் ஷெட்டுக்கும் பதினோரு தடவை வேகமாக ஓட்டினேன். விரிப்புக்கு அடியில் வைத்த காகிதம் நனையவில்லை. ஒரு சாயங்காலம் வண்டியை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா வாக்கர் பிடித்து வாசலுக்கு வந்தார். தலையில் பூ வைத்திருந்தார். போய்வருகிற எண்ணத்தோடுதான் வந்திருந்தார். எங்கள் யாருக்கும் முன்பே தோன்றாத ஒன்று அப்போதுதான் தெரிந்தது. அந்த வண்டியின் சீட் தரையிலிருந்து ஒரு முழம்கூட இராது. நல்ல காலோடு இருக்கிறவர்களே முழங்காலை மடக்கிச் சறுக்கித்தான் உள்ளே போக வேண்டும். ஐயா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கிப் பிடித்தோம். முதல் தடவை அம்மாவின் தோள் கதவில் இடித்தது. இரண்டாம் தடவை அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மூன்றாம் தடவை அவரே போதும் என்று கையைக் காட்டிவிட்டார். ஐயா கதவைப் பிடித்தபடி, "வித்துடலாம் பத்மா" என்றார். நான் கீழே வாசல் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விக்கறது அப்புறம். மொதல்ல தண்ணி வருதா இல்லையான்னு தெரியணும்" என்றார் அம்மா. "மேஸ்திரி, நீங்க உக்காருங்க. செருப்பக் கழட்டிட்டு, காலு நான் வைக்கிற எடத்துல இருக்கட்டும்."

உட்கார்ந்தேன். நாற்பத்தொரு வருடத்தில் எந்த வண்டியிலும் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து போனதில்லை. ஐயா ஓட்டினார். பாலத்தில் வண்டியை நிறுத்தினார். எப்போதும் நிறுத்துகிற இடம் போலிருக்கிறது. இடது பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினோம். அம்மா வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். "காலு காஞ்சிருக்குதா?" என்றார். நான் வெறுங்காலைத் தூக்கிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு ஐயாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "அப்ப நாளைக்கும் வந்துடுங்க மேஸ்திரி. அவரு தனியா போவ மாட்டாரு."

வேலை முடிந்தது என்று மெக்கானிக் சொன்னால் போதாது, வண்டிக்காரரும் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் எட்டு மாதமாகச் சாயங்காலம்தோறும் இடது பக்கம் உட்கார்ந்து போய்வருகிறேன்; அவர்களும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.