ஃபுட்ரெஸ்டில் ஏறிக் குதித்தவர்

கடலூர் பக்கம், முந்திரிக்காட்டுச் செம்மண்ணில் பழைய பைக்குகளுக்கான பந்தயம். வழக்கமாக ஜெயிப்பவர் தேவனாம்பட்டினத்து மீனவர். மலை மாதிரி ஆள். கிளம்புமுன் எல்லாருடைய வண்டியின் ஃபுட்ரெஸ்டிலும் ஏறி நின்று குதித்துப் பார்ப்பார். என் வண்டியில் குதித்தார், படக்கென்று முறிந்தது. அசல் மாதிரியே இருக்கிறதென்று மலிவாக வாங்கிய போலி.

“ஒடச்சிட்டீங்களே மாமா!” என்று கத்தினேன்.

“மேட்டுலேர்ந்து பறந்து எறங்கும்போது ஒடஞ்சிருந்தா ஒன் காலு என்னாவும் மாப்ள?” என்றார்.

அவருடையதும் அதே மாடல். தன் வண்டியின் ஃபுட்ரெஸ்டைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார்.

கொடி அசைந்ததும் நாங்கள் பாய்ந்தோம். ஜெயிக்க வேண்டிய மனிதர் பந்தயப் பாதையோரம் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று, நான் ஒவ்வொரு மேட்டிலும் பறந்து இறங்கும்போது விசிலடித்தார்.

கடைசியாகத்தான் வந்தேன். அதற்கும் விசிலடித்தார்.