ஓடையை நகர்த்திய ஓவியர்

போன செவ்வாய் காலை ஒன்பது பத்துக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். ஏரியூர் பக்கத்து விவசாயி. பெயர் மாதையன், நாற்பது வயதிருக்கும். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். கையில் நம் பத்திரிகை... மூன்று வாரத்துக்கு முந்தைய இதழ்.

அதில்தான் பதினெட்டாம் நூற்றாண்டு வெள்ளைக்கார ஓவியர் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா? வயிற்றுக்காகக் கம்பெனி ஆபீசர்களின் முகத்தை வரைந்தார். ஆசைக்காக மலைகளை வரைந்தார். அம்மைத் தழும்பு கேப்டனை மழுமழுவென்று ஆக்கினார். இரட்டைத் தாடை மேஜருக்கு ஒரு தாடையைத் தள்ளுபடி செய்தார். பட்டாளத்தோடு நம் பக்கமும் வந்து, ஒரு பாறையையும் அதன் அருகே ஓர் ஓடையையும் தீட்டினார். அந்தப் படத்தையும் போட்டிருந்தோம்.

மாதையன் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"சார், இது எங்க பாறைங்க. ஓடை எந்தாண்ட போவுது, பாருங்க."

"இடது பக்கம்."

"அதாங்க மேக்கால! எம் பங்காளி கெழக்காலன்னு சாதிக்கிறான். ஓடைதாங்க எங்க ரெண்டு பேருக்கும் எல்லை. இப்ப தூந்துபோயி தடமே இல்ல. மேக்காலன்னா நடுவுல இருக்கற ரெண்டு ஏக்கரா எனக்கு. இல்லீன்னா அவனுக்கு. வெள்ளக்காரன் நேர்ல பாத்து வரைஞ்சிருக்கான்... கோர்ட்டுல நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதுங்க."

அலமாரியிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்தேன். பக்கம் நாற்பத்தொன்று. என் கையெழுத்துதான். முகங்களைத் திருத்திய கை, ஊர்களையும் திருத்தியது. படத்தில் ஒரு பக்கம் காலியாகத் தெரிந்தால், மரத்தையோ ஓடையையோ கொண்டுவந்து வைத்துவிடுவார். இந்தப் பாறைக்கு அவர் முதலில் போட்ட பென்சில் ஸ்கெட்ச்சில் ஓடை வலப்பக்கம்!

இதை ஏன் அன்றைக்கே எழுதவில்லை? இடம் போதவில்லை என்று ஆசிரியரிடம் சொன்னேன். நிஜம் வேறு. நம் ஊரையும் ஒருவர் வரைந்தார் என்று பெருமைப்பட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே அது புளுகு என்று சொல்ல மனம் வரவில்லை.

படித்துக் காட்டினேன். மாதையன் பத்திரிகையை மடித்தார்.

"தாடையத் திருத்துனா திருத்திட்டுப் போறான். ஓடையில அவனுக்கென்னங்க வேலை?"

"அழகுக்காக..."

"அவனுக்கு அழகு. எனக்கு ரெண்டு ஏக்கரா." எழுந்துகொண்டார். "சரிங்க, அந்த நோட்டை உள்ள வெச்சுப் பூட்டிடுங்க. நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குந் தெரியாது."

பூட்டியிருக்கலாம். ஆனால் பாதியை மறைத்து எழுதினால் நானும் ஓடையை நகர்த்தியவன்தானே? அதனால் மிச்சத்தை இந்த வாரம் எழுதிவிட்டேன். மாதையன் இனி என் வீட்டுப் பக்கம் வரமாட்டார்.

பங்காளிக்கும் ஒரு வார்த்தை — பழத்தட்டோடு கிளம்பி வந்துவிட வேண்டாம். அந்த ஓவியர் பாறையையே நகர்த்தியிருக்கக்கூடும்.