ஃபார்முலா ரேணுகா

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஷேர் புரோக்கர் ஆபீஸ். ரேணுகா அங்கே வேலைக்குச் சேர்ந்தது படிவம் நிரப்பத்தான். புதிதாகக் கணக்குத் திறக்க வருகிறவர்களிடம் ஆதார், பான் கார்டு நகல் வாங்கி, முப்பது இடத்தில் கையெழுத்து வாங்கி, கொரியரில் சென்னைக்கு அனுப்ப வேண்டும். சொந்த ஊர் காளையார்கோவில் பக்கம். அப்பா மிளகாயும் நெல்லும் போடுகிறவர். கணிதப் பட்டப்படிப்பில் இரண்டாம் வருஷம் முடிந்ததும் கல்யாணம் ஆகிவிட்டது. மிச்சம் ஒரு வருஷத்தைக் கழனிவாசலில் புருஷன் வீட்டில் இருந்துகொண்டே தபாலில் படித்து முடித்தாள். புருஷன் காளிராஜ் போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். வேலைக்குச் சேரும்போது அவளுக்கு வயது இருபத்தாறு. ஷேர் மார்க்கெட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அதில் இறங்கினவன் உருப்பட மாட்டான் என்று மாமியார் சொன்னது ஒன்றுதான்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, மார்க்கெட் முடிந்த பிறகு, மீரான் சாகிபு மாடியேறி வருவார். கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். கடையை மகனிடம் விட்டுவிட்டு, ரேணுகாவின் மேஜைக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இருநூறு கம்பெனிகளின் விலைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். கண் சிவந்துபோய் எழுந்திருப்பார். ஒருநாள் ரேணுகா மனசு பொறுக்காமல், அப்படி எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள்.

"இன்னைக்கு முடிஞ்ச வெலை நேத்தைய உச்சத்தைத் தாண்டியிருக்கணும்மா. யாவாரமும் நல்லா நடந்திருக்கணும்."

"நல்லான்னா எவ்வளவு பாய்?"

மீரான் சாகிபு, நல்லா என்றால் நல்லாத்தான் என்றார். வீட்டுக்குப் போய் யோசித்திருப்பார் போல. மறுநாள் வந்து, கடைசி இருபது நாள் சராசரியைப் போல இரண்டு மடங்கு பங்குகள் கைமாறியிருக்க வேண்டும் என்று தானாகவே சொன்னார்.

அந்த விலைப் படங்களைக் காட்டுகிற சார்ட் மென்பொருளில், நம் விதியை நாமே எழுதிக் கொடுக்க ஒரு ஜன்னல் உண்டு. ஃபார்முலா என்று போட்டிருக்கும். அந்த ஆபீசில் அதுவரை யாரும் அதைத் திறந்ததில்லை. மேனேஜர் முத்தரசுவிடம் கேட்டதற்கு, அதெல்லாம் சென்னைக்காரர்கள் சமாசாரம், சாப்பாட்டு நேரத்தில் வேண்டுமானால் நோண்டிப் பார், எதையும் கெடுத்துவிடாதே என்றார். ரேணுகா டிபன் பாக்ஸை ஒரு கையில் வைத்துக்கொண்டே நோண்டினாள். உதவிப் பக்கங்கள் எல்லாம் இங்கிலீஷ். அவளுக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். புரியாத வார்த்தைகளை நோட்டில் எழுதிக்கொண்டுபோய் வீட்டில் போனில் தேடுவாள். எழுதினதை ஓடவிட்டால் சிவப்புச் சிவப்பாகப் பிழை வரும். ஒருநாள் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கும். இன்னொரு நாள், இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டிருப்பாள்.

ஐந்தாம் நாள் சிவப்பு வரவில்லை. ஆனால் பட்டியலும் வரவில்லை, திரை வெறும் வெள்ளையாக நின்றது. ஒரு கம்பெனியை எடுத்துக் கால்குலேட்டரில் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நேற்றைய உச்சத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் நாளைய உச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரேயொரு கழித்தல் குறி விட்டுப்போனதுதான் காரணம். அன்றைக்கு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டாள்: எந்த ஃபார்முலாவாக இருந்தாலும் ஐந்து நாள் கணக்கைக் கையால் போட்டு ஒத்துப்பார்க்காமல் யாரிடமும் கொடுப்பதில்லை.

பதினோராம் நாள் பொத்தானை அழுத்தியதும் ஏழு பெயர்கள் வந்து விழுந்தன. மீரான் சாகிபு அதை நம்பாமல் வழக்கம்போல இருநூறையும் கண்ணால் பார்த்தார். அவருக்கு அகப்பட்டது ஆறு. ஏழாவதை விட்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் எத்தனையை இப்படி விட்டிருப்பேனோ என்று மட்டும் சொன்னார்.

பேச்சு பரவ எத்தனை நாள் ஆகும்? தேவகோட்டையிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார், புதுக்கோட்டையிலிருந்து இரண்டு வாத்தியார்கள் வந்தார்கள். படிவம் நிரப்புகிற வேலை மூலைக்குப் போய், ஃபார்முலா எழுதுவதே ரேணுகாவின் முழு நேர வேலையானது. ஊரில் ரேணுகாக்கள் நிறைய. இவளைச் சொல்லும்போது ஃபார்முலா ரேணுகா என்றார்கள்.

அவளுடைய கெட்டிக்காரத்தனம் கம்ப்யூட்டரில் இருந்ததைவிடக் காது கொடுத்துக் கேட்பதில்தான் அதிகம் இருந்தது. வருகிறவர்கள் யாருக்கும் தான் நினைப்பதை ஒழுங்காகச் சொல்ல வராது. "படாருன்னு எறங்கணும்" என்பார்கள். எத்தனை நாளில் எத்தனை சதவீதம் இறங்கினால் அது படார் என்று கேட்பாள். "கொஞ்ச நேரம் அங்கனயே நிக்கணும்" என்பார்கள். கொஞ்சம் என்றால் மூன்று நாளா, எட்டு நாளா? நிற்பது என்றால் எந்த விலைக்கும் எந்த விலைக்கும் நடுவில்? சிலருக்குக் கோபமே வந்துவிடும். ரேணுகா அசர மாட்டாள். அவர்கள் சொன்னதை நோட்டில் நல்ல தமிழில் ஒரே வாக்கியமாக எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டி, ஆமாம் என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் கீபோர்டில் கை வைப்பாள். வாக்கியத்தைக் கேட்டதும், தான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தது ஒன்றுமில்லை என்று தானாகவே புரிந்து எழுந்துபோனவர்களும் உண்டு.

இப்படி நாலு வருஷம் ஓடிய பிறகு மதுரையிலிருந்து பாண்டீஸ்வரன் வந்தார். சனிக்கிழமைதோறும் ஓட்டல் ஹாலில் ஷேர் மார்க்கெட் வகுப்பு நடத்துகிறவர். நன்றாகப் பேசுவார். விலை அடிமட்டத்துக்குப் போகிற இடத்தில் எல்லாம் வாங்கச் சொல்லி ஒரு பச்சை அம்பு, உச்சிக்குப் போகிற இடத்தில் எல்லாம் விற்கச் சொல்லி ஒரு சிவப்பு அம்பு வேண்டும் என்றார். விலை திரும்புகிற இடங்களைக் கண்டுபிடிக்க அந்த மென்பொருளிலேயே ஒரு வசதி இருந்தது. ரேணுகா அதை வைத்து மூன்றே நாளில் எழுதிவிட்டாள். சார்ட்டைத் திறந்தால் பச்சை எல்லாம் பள்ளத்தில், சிவப்பு எல்லாம் மேட்டில், வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தது. வழக்கம்போல ஐந்து நாளைக் கையால் சரிபார்த்தாள். எல்லாம் ஒத்துப்போனது. தான் எழுதினதிலேயே இதுதான் பெரிசு என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. பாண்டீஸ்வரனுக்கும் வாயெல்லாம் பல். பெருமை தாங்காமல் மீரான் சாகிபுவிடமும் காட்டினாள். அவருக்குத் திரையில் பார்த்தால் போதாது, எதையும் பேப்பரில் எடுத்துக்கொண்டு போவார். அன்றைக்கும் ஒரு பிரிண்ட் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அது செவ்வாய்க்கிழமை.

வெள்ளிக்கிழமை அவர் வந்து அதே சார்ட்டைத் திறக்கச் சொன்னார். திரையில் விரலை வைத்து ஒவ்வொரு நாளாகத் தேடினார்.

"ஏம்மா ரேணுகா, இங்குட்டு ஒரு பச்சை அம்பு இருந்துச்சே?"

"இல்லையே பாய். அது வியாழக்கெழமைதான் விழுந்திருக்கு. நீங்க வேற சார்ட்ட நெனச்சுக்கிட்டுச் சொல்றீக."

மீரான் சாகிபு பையிலிருந்து பேப்பரை எடுத்து விரித்து மேஜையில் வைத்தார். செவ்வாய்க்கிழமை இடத்தில் பச்சை அம்பு தெளிவாக இருந்தது. திரையில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

ரேணுகா பேப்பரைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒத்துப்பார்த்தாள். அந்த அம்பைப் பார்த்து ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டாள். கொஞ்சம் வாங்கியதாகவும், அது இறங்கிவிட்டதாகவும், கடை ஒருநாள் பூட்டிக் கிடந்ததாக நினைத்துக்கொள்வதாகவும் அவர் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீ வேணும்னு செய்யலைல. அது ஏன் அழிஞ்சுச்சுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு."

இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டாள். விலை இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த வசதி இன்றைய விலையையே அடிமட்டம் என்று எடுத்துக்கொண்டு அம்பு போட்டுவிடும். நாளைக்கு விலை இன்னும் இறங்கினால், இன்று போட்ட அம்பைச் சத்தமில்லாமல் பிடுங்கி நாளைக்கு நட்டுவிடும். அதனால்தான் பழைய சார்ட்டைப் பார்த்தால் ஒரு அம்புகூடத் தப்பில்லை. தப்பானதை எல்லாம் அது அழித்திருந்தது. கையால் சரிபார்த்தபோது அவள் பார்த்ததும் பழைய நாட்களைத்தான். எந்தப் பழக்கத்தை நம்பி நாலு வருஷம் வேலை செய்தாளோ அந்தப் பழக்கத்துக்கே இது அகப்படவில்லை என்பதுதான் அவளை ரொம்பச் சுட்டது. காளிராஜிடம் சொல்லி அழுதாள். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மோட்டாரை மேலே வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் ஓடும், தண்ணீருக்குள் இறக்கிப் பார்த்தால்தானே தெரியும் என்றார்.

பாண்டீஸ்வரனுக்குப் போன் போட்டு, ஃபார்முலா தப்பு, வகுப்பில் காட்ட வேண்டாம் என்றாள். அவர் சிரித்தார்.

"அது எனக்கு எப்பவோ தெரியும் சிஸ்டர். நான் கிளாஸ்ல பழைய சார்ட்டத்தான் காட்டுறேன். அதுல கரெக்டா இருக்குல்ல, போதும்."

அதோடு விடவில்லை. வேறு யாரும் திறந்து பார்க்க முடியாதபடி அதைப் பூட்டிக் கொடுத்தால் இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார். ரேணுகா மாட்டேன் என்றாள். முன்னால் வாங்கின பணத்தைத் திருப்பித் தருகிறேன், ஃபார்முலாவைக் கொடுத்துவிடுங்கள் என்றும் கேட்டாள். வாங்கின பொருள் என்னுடையது என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அவரைத் தடுக்க அவளுக்கு வழி ஒன்றும் இல்லை. அதனால் வேறொன்று செய்தாள். ஃபார்முலாக்களைச் சோதிப்பதற்கென்றே ஒரு ஃபார்முலா எழுத உட்கார்ந்தாள். சார்ட்டின் வலது பக்கத்தை மூடிவிட்டு ஒவ்வொரு நாளாகத் திறக்கும். அன்றைக்கு முளைக்கிற அம்பைக் குறித்து வைத்துக்கொள்ளும். பின்னால் அந்த அம்பு காணாமல் போனால், அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெருக்கல் குறி போடும். எழுதி முடிக்க இரண்டு மாசம் ஆனது. முதலில் சோதித்தது தான் எழுதின அம்பு ஃபார்முலாவைத்தான். இரண்டு வருஷத்துச் சார்ட்டில் எண்பத்தேழு அம்பு முளைத்திருந்தது. கடைசியில் நின்றது இருபத்து மூன்று. மற்ற அறுபத்து நாலு இடத்திலும் சாம்பல் பெருக்கல் குறி.

அந்தச் சார்ட்டைப் படம் எடுத்து, அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடுகிற இணையக் குழுவில் போட்டாள். சோதிக்கிற ஃபார்முலாவையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கூடவே வைத்தாள். பாண்டீஸ்வரன் பெயரைச் சொல்லவில்லை. மேலே தமிழில் இரண்டு வரி எழுதியிருந்தாள்: "இந்த அம்பு ஃபார்முலாவை எழுதியது நான்தான். இது தப்பு, எப்படித் தப்பு என்று கீழே பாருங்கள்."

முத்தரசு அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். நாம் செய்ததைத் தப்பு என்று நாமே ஊருக்குச் சொன்னால் யார் ஆபீசுக்கு வருவார்கள் என்பது அவர் கவலை. அவர் சொன்னதும் பொய்யில்லை. மூன்று மாசம் புதிதாக ஒரு ஆளும் மாடியேறவில்லை. பல் டாக்டர்கூட வருவதை நிறுத்திக்கொண்டார். ரேணுகா திரும்பவும் படிவம் நிரப்பினாள்.

அப்புறம் ஒரு போன் வந்தது. சிவகங்கையில் கல்லூரி ஆசிரியை, பெயர் சத்தியப்பிரியா. பாண்டீஸ்வரன் சிவகங்கையில் நடத்திய வகுப்புக்கு அவரும் காசு கட்டிப் போயிருந்தார். பாண்டீஸ்வரன் அம்பைக் காட்டி ஃபார்முலாவையும் கொடுத்ததும், மடிக்கணினியில் அதன்மேல் ரேணுகாவின் சோதனையை ஓட்டிப் பார்த்திருக்கிறார். திரை முழுக்கச் சாம்பல் குறி. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்க்க, அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் எட்டிப் பார்க்க, அரை மணி நேரத்தில் ஹாலில் பாதிப் பேர் அவர் நாற்காலியைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். பாண்டீஸ்வரன் சாப்பாட்டு இடைவேளையைப் பதினொன்றரைக்கே விட்டுவிட்டாராம். உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்றார் ஆசிரியை. வந்தபோது தனியாக வரவில்லை. அந்த வகுப்பில் இருந்த ஒன்பது பேரோடு வந்தார். பாண்டீஸ்வரன் அதற்குப் பிறகும் வகுப்பு நடத்தினார், ஆனால் சிவகங்கைப் பக்கம் தலை காட்டவில்லை.

அன்றிலிருந்து ரேணுகாவுக்கு வேலையின் தன்மையே மாறிவிட்டது. எழுதித் தரக் கேட்டு வருகிறவர்களைப் போல, வாங்கினதைச் சோதிக்கக் கேட்டு வருகிறவர்களும் வந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வேலை வந்தது. இப்போது ஆபீசை விட்டுவிட்டுக் கழனிவாசல் வீட்டின் முன்னறையில் மூன்று திரைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். முத்தரசுவே தனக்குத் தெரிந்தவர்களை அனுப்பிவைக்கிறார். அவள் பெயரில் பங்கு எதுவும் வைத்திருக்கிறாளா என்றால், இல்லை. வருகிறவர்கள் நினைத்ததைத் தப்பில்லாமல் எழுதித் தருவதுதான் என் வேலை, வாங்குவதும் விற்பதும் அவர்கள் பாடு என்கிறாள்.

போன வருஷம் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. சராசரி போடுகிற முறையில் கம்பெனி சின்னதாக ஏதோ மாற்றியிருந்தது. வித்தியாசம் பைசாக் கணக்கில்தான், யார் கண்ணிலும் படவில்லை. ரேணுகா ஐந்து நாளைக் கையால் ஒத்துப்பார்த்தபோது கண்டுகொண்டாள். அந்தச் சராசரியை வைத்து அதுவரை நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்த நாட்களில் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து, திருத்தி, சோதித்து, அவரவருக்கு அனுப்பினாள். அனுப்பியதோடு விடாமல் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, பழசை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். ஒருத்தரிடமும் காசு வாங்கவில்லை.

பட்டியலில் கடைசிப் பெயர் வீரையா. கண்டனூரில், வெளியூரில் இருக்கிறவர்களின் பெரிய வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறவர். ரேணுகா விஷயத்தைச் சொன்னதும், அவர் ஷேரை எல்லாம் விற்றுவிட்டு எட்டு ஆடு வாங்கி இரண்டு வருஷமாகிறது என்றார். இதற்காகப் போன் போட்டீர்களாக்கும் என்று அவருக்கு ஆச்சரியம். ஆடுகள் நாலு குட்டி போட்டிருந்தன. அதில் ஒன்று பால் குடிக்க மாட்டேன் என்கிறதாம். ரேணுகாவின் அப்பா வீட்டிலும் ஆடு இருந்தது. குட்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்ல, அவர் கேட்டுக்கொள்ள, இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். பேசி முடித்ததும் அவள் வீரையா பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டு, மழை விட்டிருக்கிறதா என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.