பூசணித் தோட்டத்துப் படம்

அக்டோபர் வந்தால் மொன்றியல் தமிழ்ச் சனத்துக்கு ஒரு காய்ச்சல் பிடிக்கும். ஆப்பிள் பிடுங்கப் போகாதவர்களை ஊரை விட்டுத் தள்ளிவைத்துவிடுவார்கள் என்ற மாதிரி எல்லோரும் காரில் ஏறி ரூஜ்மோன் பக்கம் போவார்கள். பிறகு முகநூலில் படங்கள் வந்து கொட்டும். சிவந்த மேப்பிள் மரத்தடியில் சேலையோடு ஒன்று, பூசணிக்காயைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு ஒன்று. பிடுங்குவதைவிடத் தின்பது கூட, தின்பதைவிடப் படம் எடுப்பது கூட. தோட்டத்து மேசையில் புட்டையும் ஆட்டிறைச்சிக் கறியையும் விரித்தால் பக்கத்து வெள்ளைக்காரக் குடும்பம் மெல்ல எழும்பி அடுத்த மேசைக்குப் போகும்.

ஞானாம்பிகை இந்தப் படங்களுக்கெல்லாம் வருடா வருடம் விருப்பக்குறி போட்டவள். ஒரு படத்திலும் அவள் இல்லை. அவளுக்குப் புவாண்ட்-கிளேரில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. கட்டடம் வெறுமையாகக் கிடக்கும் சனி ஞாயிறுதான் அவளுக்கு வேலை நெரியும் நாட்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த நாட்களில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தார்கள். மகன் விதுர்சன் சின்ன வகுப்பில் படிக்கும்போது ஒரு படம் கீறியிருந்தான். அம்மா, அப்பா, தங்கச்சி, தான் என்று நாலு பேரும் ஆப்பிள் மரத்தின் கீழ் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை அதை எடுத்துக் காட்டி, நல்லாய்ச் சுற்றித் திரிகிறீர்கள் போல என்று சந்தோசப்பட்டாள். ஞானாம்பிகை "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு வந்தாள். அந்த முள் நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

புருசன் விமலநாதன் இறந்து நாலு வருடம். விதுர்சன் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். மகள் தனுஷா ஒட்டாவாவில். கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடியில் ஞானாம்பிகை தனியாக இருந்தாள். இந்த வருடம் அவள் மானத்தை விட்டுப் பிள்ளைகளிடம் கேட்டாள். ஒருக்கா எல்லோருமாக ஆப்பிள் தோட்டத்துக்குப் போவோமா என்று. முதலில் அவனுக்கு நேரமில்லை, பிறகு அவளுக்கு நேரமில்லை. கடைசியில் இலைகள் நன்றாகப் பழுத்திருக்கும் ஒரு சனிக்கிழமையை இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த கிழமை காற்றடித்தால் மரங்கள் மொட்டையாகிவிடும். இந்தச் சனியை விட்டால் பிள்ளைகளையும் பிடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். வேலையிடத்தில் காய்ச்சல் என்று பொய் சொன்னாள். முதல்நாளே இறைச்சிக் கறி வைத்து, றோல்ஸ் பொரித்து, புட்டுக்கு மா வறுத்தாள்.

சனி காலை பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து சேர, சாப்பாட்டுப் பெட்டிகளை விதுர்சனின் காரின் பின்பக்கம் அடுக்கிக்கொண்டு நின்றபோது கைபேசி அடித்தது. டொரொண்டோவிலிருந்து மச்சாள், பெரியண்ணையின் மனைவி.

"ஞானம், உன்ரை அண்ணைக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு. பயப்பிட ஒண்டுமில்லை. ஏலுமெண்டால் இண்டைக்கு ஒருக்கா வந்திட்டுப் போவன்."

நம்முடைய சனம் கெட்ட செய்தியை நேரே சொல்லாது. அதுவும் காரடியில் நிற்கிறவளுக்குச் சொல்லவே சொல்லாது. உயிர் போய்விட்டால் கொஞ்சம் கடுமை என்பார்கள். கடுமையென்றால் கொஞ்சம் ஏலாது என்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று ஒருவர் வலியச் சொன்னால் உடனே உடுப்பு அடுக்க வேண்டும். இது ஞானாம்பிகைக்குத் தெரியாததல்ல. விமலநாதன் மாரடைப்பில் போன அன்று, அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலாது, ஆறுதலாக வா என்று தனுஷாவுக்குச் சொன்னதே அவள்தான்.

பெரியண்ணை குலசேகரம் அவளுக்குச் சும்மா அண்ணன் இல்லை. டொரொண்டோவில் இரண்டு வேலை பார்த்து, அவளைக் கனடாவுக்கு எடுத்து, கலியாணமும் செய்து வைத்தவர். இப்போது புற்றுநோய். போன வருடமும் இப்படி ஒரு அழைப்பு வந்து, அவள் அழுதுகொண்டே பஸ்ஸில் போய் இறங்கினால், மனுசன் கட்டிலில் எழும்பியிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கஞ்சிக் கிண்ணத்தை அவள் இப்போது கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு விடிய முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று மச்சாளுக்குச் சொன்னாள்.  ஓம், சரி என்றாள் மச்சாள்.

யார் எடுத்தது என்று பிள்ளைகள் கேட்டதற்கு, மச்சாள் சும்மா சுகம் விசாரித்தாள் என்று சொல்லிவிட்டாள். கைபேசியைக் கைப்பையில் போட்டு, கைப்பையைச் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவை அடித்துச் சாத்தினாள். தெரியாமல் நடந்தது என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள அவளுக்கு இடமே இருக்கவில்லை.

அன்றைய வெயிலைப் போல ஒரு வெயில் அந்த வருடம் அதற்குப் பிறகு அடிக்கவில்லை. மலைச்சரிவு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக எரிந்தது. உழவு இயந்திரம் இழுத்த வண்டிலில் வைக்கோல் கட்டின் மேல் மூன்று பேரும் குலுங்கிக்கொண்டு போனார்கள். விதுர்சன் எட்டாத கொப்பை வளைத்துக் கொடுத்தான், அவள் பிடுங்கினாள். தனுஷா கடித்துப் பார்த்துப் புளிப்பு, இனிப்பு என்று தீர்ப்புச் சொன்னாள். இடையிடையே அண்ணையின் முகம் வந்தது. நாளைக்கு இந்த ஆப்பிளில் கொஞ்சம் கொண்டுபோய் மசித்துக் கொடுக்கலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னாள். பூசணித் தோட்டத்தில் அவள் பெரியதொன்றைப் பார்த்து, இதைக் கறி வைத்தால் நாலு வீட்டுக்குக் காணும் என்றாள். இது முகம் வெட்டி விளக்கு வைக்கிற காய், கறிக்குச் சப்பென்று இருக்கும் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து எடுப்பித்த படத்தைத் தனுஷா அங்கேயே நின்று முகநூலில் போட்டாள்.

திரும்பி வரும்போது சாம்பிளேன் பாலத்துக்குக் கிட்ட விதுர்சனின் கைபேசிக்கு அழைப்பு வந்தது. பெரிய மாமா முடிந்துபோனார்.

வீட்டுக்குப் போகவில்லை. சப்பாத்தில் தோட்டத்துச் சேறும் பின்பக்கத்தில் ஆப்பிள் பைகளுமாகக் கார் அப்படியே டொரொண்டோ பக்கம் திரும்பியது. வழியில்தான் காலை அழைப்பின் கதை வெளியே வந்தது. விதுர்சன் காரின் வேகத்தைக் கூட்டினான். தனுஷாதான் கேட்டாள்.

"ஏனம்மா சொல்லேல்லை? அப்பவே காரைத் திருப்பியிருப்பமே."

"நீங்கள் ரெண்டு பேரும் ஆசைப்பட்டு வந்த நாள் பிள்ளை. அதைப் பழுதாக்க மனம் வரேல்லை."

"நாங்கள் எங்க ஆசைப்பட்டனாங்கள்? உங்களுக்காகத்தானே வந்தனாங்கள். விதுர்சன் அண்ணை இண்டைக்கு வேலைக்கு லீவு போட்டிட்டு வந்தவன்."

ஞானாம்பிகை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, இருட்டிவிட்டது.

செத்தவீட்டில் மச்சாள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள். ஏசினால் தாங்கலாம். மச்சாள் ஏசவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் அவளை இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பின்னேரம் திருப்பியும் உனக்கு ஃபோன் எடுக்கத்தான் வெளிக்கிட்டனான். அதுக்குள்ள உன்ரை படம் வந்திட்டுது. அவருக்குக் காட்டினன். 'பிள்ளையளோட சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள், அவளைக் குழப்பாத' எண்டவர். அதுக்குப் பிறகு அவர் கதைக்கேல்லை."

சொந்தக்காரர்களுக்கு இந்த மென்மையெல்லாம் இருக்கவில்லை. தமையன் உயிர் விடுகிற நேரத்தில் பூசணிக்காயோடு நின்று இளித்தவள் என்ற பேச்சு டொரொண்டோவைச் சுற்றி மொன்றியலுக்கு அவள் திரும்பும் முன்னமே வந்து சேர்ந்தது. சிலர் கோயிலில் கண்டும் காணாத மாதிரிப் போனார்கள்.  

ஆப்பிள்கள் சமையலறையில் கிடந்து சுருங்கின. ஒன்றைக்கூட அவளால் வாயில் வைக்க முடியவில்லை. அப்படியே கட்டிக் குப்பையில் போட்டாள்.

அண்ணை செத்து ஒரு வருடமாகி ஆட்டைத்திவசம் நெருங்கியபோது ஒருநாள் அவள் தனுஷாவுக்குக் கைபேசியில் எடுத்தாள். மரங்கள் மறுபடியும் பழுக்கத் தொடங்கியிருந்தன. அண்ணை கடைசியாகப் பார்த்த படம் அது, அவர் கண்ட முகத்தைத் தானும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"அந்தப் பூசணித் தோட்டத்துப் படம் உன்னட்டை இருக்கோ பிள்ளை?"

"அது அண்டைக்கே எல்லாத்திலயும் அழிச்சிட்டன் அம்மா. ஃபோனிலயும் இல்லை. பாத்தால் கவலைப்படுவீங்கள் எண்டு, உங்களுக்காகத்தான் அழிச்சனான்."

"ஓம், அது நல்லம்" என்று ஞானாம்பிகை சொன்னாள். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாள்.