நாற்பத்தெட்டு எண்கள்

அந்த மடிக்கணினி என் தம்பியுடையது. சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருக்கும் அவன், ஒவ்வொரு முறை கப்பலேறும்போதும் அதை என்னிடம் விட்டுவிட்டுப் போவான். கேம் விளையாடுவதற்கென்றே பார்த்துப் பார்த்து வாங்கியது. நான் தூத்துக்குடியில் ஒரு சிறிய கட்டுமான அலுவலகத்தில் முப்பரிமாண வரைபடங்கள் செய்கிறேன். அலுவலகக் கணினி என் கோப்புகளைத் திறக்கவே திணறும். அதனால் தம்பியிடம் கேட்டுக்கொண்டு இதில் வேலை செய்யப் பழகியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கீழவைப்பாரில் கூட்டம். அங்கே மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு சிறு இறங்குதளம் கட்டத் திட்டம். கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் திரையில் காட்ட வேண்டியது என் பொறுப்பு. மூன்று வார வேலை. வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. அதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

காலை ஒன்பது மணிக்குக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கடல் வந்தது, படகுகள் வந்தன. தளத்தின் படிகளை நெருங்கியதும் திரை துடித்து நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினாலும் அதே இடத்தில்தான் நின்றது. திரையில் படங்களை ஓட்டும் கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருள் மிகப் பழையது, புதுப்பிக்கவும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. இணையத்தில் முதலில் கண்ணில் பட்டதை இறக்கிப் போட்டேன். பாதியில் திரை கறுத்தது. ஐந்து நிமிடம் பார்த்தேன், பத்து நிமிடம் பார்த்தேன். பொறுக்க முடியாமல் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் ஒன்றுமே இல்லை.

ஸ்கூட்டரில் முன்னால் வைத்து, பாளையங்கோட்டை ரோட்டில் கணினி பழுது பார்க்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன்.

"ஏறிக்கிட்டு இருக்கும்போதே அணைச்சிட்டியளா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. நின்னு போச்சுன்னு நெனச்சிட்டேன்."

"பாதி ஏறிருக்கு, பாதி ஏறல. சேஃப் மோடுல போயி பழசையும் புதுசையும் மொத்தமா கழட்டிட்டு, லேப்டாப் கம்பெனிக்காரன் குடுத்த டிரைவரப் போட்டா வந்துரும். பயப்படாதிய."

அந்த சேஃப் மோடுக்குள் போவதற்காக, மூன்று முறை பாதியிலேயே அணைத்து அணைத்துப் போட்டார். நீலத் திரை வந்தது. மூச்சு வந்தது எனக்கு. ஆனால் அடுத்த நொடியே அது, பூட்டப்பட்டிருந்த வன்தட்டைத் திறக்க ஒரு மீட்புச் சாவியைக் கேட்டது. ஆறு ஆறாக எட்டுக் கட்டங்கள்.

"இந்த நாப்பத்தெட்டு நம்பரும் இருக்கா ஒங்ககிட்ட?"

"இது தம்பியோடது. அவன் கப்பல்ல இருக்கான்."

"நம்பர் இல்லாட்டா ஃபார்மேட்தான் போடணும். உள்ள இருக்கது எல்லாம் போயிரும்."

உள்ளே என் மூன்று வாரம் மட்டுமா இருந்தது? பதவி உயர்வுத் தேர்வுக்காகத் தம்பி இரண்டு வருடமாக எழுதிச் சேர்த்த குறிப்புகளும் இருந்தன. கடை வாசலில் நின்றபடி அவனுக்குச் செய்தி மேல் செய்தியாக அனுப்பினேன். ஒன்றும் போய்ச் சேரவில்லை. நடுக்கடலில் இணையம் எப்போது கிடைக்கும் என்று அவனுக்கே தெரியாது.

பதினொன்றரைக்கு எங்கள் அலுவலக இன்ஜினியர் அழைத்தார். "எல்லாம் ரெடிதானம்மா? ஊர்க் கமிட்டியில எல்லாரும் வாரேன்னு சொல்லிட்டாங்க."

"ரெடி சார்" என்றேன். பொய் சொல்லிவிட்டுத் தம்பிக்கு இன்னொரு செய்தி அனுப்பினேன்.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தம்பி அழைத்தான்.

"ஏக்கா, என்னாச்சு? இருவது மெசேஜ் போட்ருக்க. அம்மாவுக்கு ஏதும் செய்யுதா?"

"அம்மா நல்லா இருக்காவ. ஒன் லேப்டாப்பக் கெடுத்துட்டேன்ல."

மறுமுனையில் பெரிதாக மூச்சு விட்டான். "கிறுக்கி! உசிரே போயிட்டு எனக்கு. எழுது, சொல்லுதேன்."

தன் கைபேசியில் சாவியைத் தேடி எடுத்து, ஆங்கிலத்தில் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான். அண்ணாச்சி கிழித்துக் கொடுத்த பில் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆறாவது கட்டம் முடிந்ததும் அழைப்பு அறுந்துபோனது. மறுபடி அழைத்தால் போகவில்லை. கால் மணி நேரம் கழித்து, கடைசி இரண்டு கட்டங்களும் செய்தியாக வந்தன.

அண்ணாச்சி தட்டினார். மூன்றாவது கட்டத்தைக் கணினி ஏற்கவில்லை.

"இது ஃபைவ்வா, நைனா?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. ஐந்து என்று எழுதியிருந்தேன். அவர் ஒன்பதைப் போட்டார். ஏற்றுக்கொண்டது.

புதிய டிரைவர் ஏறும்போது திரை மறுபடி கறுத்தது. என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இது கறுத்துத்தான் வரும், தொட்றாதிய" என்றார் அண்ணாச்சி. இரண்டேகாலுக்கு வெளிச்சம் வந்தது. என் கோப்பு இருந்தது. தம்பியின் குறிப்புகள் இருந்த கோப்புறையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கீழவைப்பார் வரை அலுவலகக் காரில் அதை மடியில் வைத்துக்கொண்டே போனேன். இருபுறமும் உப்பளங்களின் வெயில் கண்ணைக் கூசச் செய்தது. இன்ஜினியர் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். ஒன்றும் காதில் ஏறவில்லை.

கோயிலை ஒட்டிய மண்டபத்தில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஓட்டினேன். கடல் வந்தது, படகுகள் வந்தன. படிகளை நெருங்கும்போது விசிறி இரைந்தது. நிற்கவில்லை. படியேறி, மீன் ஏலக் கூடத்தைச் சுற்றி, முழுவதும் ஓடி முடிந்தது.

கைதட்டல் எதுவும் இல்லை. முன்வரிசையில் இருந்த மீன்கார அம்மா ஒருவர் எழுந்தார்.

"ஏம்மா, படிய ஏன் தெக்குப் பக்கமா வச்சிருக்கிய? கச்சான் காத்து அடிச்சா வள்ளமெல்லாம் அந்தப் படியிலதான வந்து மோதும்?"

பின்னாலிருந்து பல குரல்கள் ஆமோதித்தன. இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். தென்மேற்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று மூன்று வாரத்தில் ஒருமுறைகூட நான் யோசித்திருக்கவில்லை. அன்று முழுவதும் அது ஓடுமா, ஓடாதா என்று மட்டுமே தவித்திருந்தேன்.

"மாத்திருவோம்மா" என்றேன். இன்ஜினியரும் மறுக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

படிகளை வடக்குப் பக்கம் கொண்டுபோய் மறுபடி வரைந்து முடிக்க ஒன்பது நாட்கள் ஆயின. அதையும் அதே மடிக்கணினியில்தான் வரைந்தேன். திரை இலேசாகச் சிமிட்டினால் போதும், கை தானாக விசைப்பலகையிலிருந்து எழுந்துவிடும்.