எல்லாரும் வெளிய போங்க

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அப்பா என்னைவிடப் பெருமையாகச் சொல்வார். பத்தாம் வகுப்பு முடித்ததும் விருதுநகரில் ஒரு பெரிய பள்ளியில் எனக்கு இலவச இடம் கிடைத்தது. கல்லூரிக்கு முந்தைய இரண்டு வருட டிப்ளமோ. வெளிநாட்டில்கூட அதை ஏற்றுக்கொள்வார்களாம். எங்கள் ஊர் விஸ்வநத்தம் டீக்கடையில் இதை விளக்குவதற்குள் அப்பாவுக்குத் தொண்டை வறண்டுவிடும்.

"டிப்ளமோன்னா பாலிடெக்னிக்காண்ணே?"

"அதுக்கும் மேல."

"அப்ப காலேஜா?"

"அதுக்குக் கீழ."

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல. அங்கன போய் பிள்ள என்னதான் செய்யுது?"

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியாத நாட்கள் அவை. எல்லாமே ஆங்கிலம். பாடத்தை ஒப்பித்தால் மதிப்பெண் கிடையாது, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார்கள். அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்பதால் நினைப்பதற்கே தனியாகப் பழக வேண்டியிருந்தது. பஸ்ஸிலேயே படித்து, பஸ்ஸிலேயே தூங்கி, ஒவ்வொரு பாடமாகக் கரையேறினேன். வேதியியல் ஆய்வகத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

அங்கே அலமாரியில் கந்தகம், வெடியுப்பு, அலுமினியத் தூள் எல்லாம் வரிசையாக இருந்தன. அதே அறையில் எரிவாயு அடுப்பும் இருந்தது! பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் ஒருத்தியின் மகளுக்கு இதைவிடப் பெரிய அபத்தம் கிடையாது. பக்கத்து மேசையில் நின்றவளோ பட்டாசு முதலாளியின் மகள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பாள். கம்பெனிப் பக்கம் வரவே அவளுடைய அப்பா விட்டதில்லையாம். என் கையோ தீப்பெட்டியைத் தொட்டதும் குச்சிகளைக் கீழே கொட்டிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார். சென்னைக்காரர், நல்லவர். "திங்கக்கிழமை நீயே பத்த வச்சு, நீயே சோதனை செஞ்சு காட்டணும். செய்முறையில தேறலைன்னா டிப்ளமோ இல்லம்மா. உன் சீட்டும் போயிடும்" என்றார்.

வீட்டுக்கு ஓடிவந்து, "அடுப்பு பத்த வைக்கப் பழகணும்மா" என்றேன்.

"நான் இருக்கைல நீ எதுக்குக் குச்சியத் தொடணும்? போ, போய்ப் படி" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பது ஒரு சடங்கு. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எல்லாரும் வெளிய போங்க" என்பாள். அப்பா, நான், தம்பி மூவரும் தெருவில் போய் நிற்போம். "ம், வாங்க" என்று குரல் வந்த பிறகே உள்ளே போவோம். மழை பெய்தாலும் இதுதான் சட்டம். அடுப்பு என்றாலே எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று நம்பியிருந்தேன்.

திங்கட்கிழமை ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றினேன். கம்பெனியில் உள்ளே நுழையுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொடுவார்கள்; உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கிவிடும். இங்கே தகடு இல்லாததால் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டேன். ஓட வேண்டி வந்தால் வசதியாக, கம்பெனியில் போலவே கதவைப் பார்த்தபடி நின்றேன். தாவணியைச் செருகினேன். வேறு எப்படிச் செய்வதென்று தெரியாததால், அம்மாவின் குரலிலேயே ஒரு சத்தம் போட்டேன்.

"எல்லாரும் வெளிய போங்க!"

எங்கள் பட்டாசு வட்டாரத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நாற்காலிகள் கவிழ்ந்தன. முதலாளி மகள் மைதானம் தாண்டி வேப்பமரத்தடியில் போய்த்தான் நின்றாள். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் ஆசிரியர்.

அறையில் நான் மட்டும். ஆச்சரியம், ஒரு குச்சிகூடக் கீழே விழவில்லை. முதல் குச்சியிலேயே அடுப்பு பற்றியது. கம்பியில் உப்பைத் தொட்டுச் சுடரில் நீட்டினேன். புஸ்வாணத்தில் வருமே, அந்தப் பச்சை! அப்படியானால் உப்பில் இருப்பது பேரியம்.

ஜன்னலில் ஆசிரியரின் பாதி முகம் தெரிந்தது. "பத்த வச்சிட்டியா?"

"வச்சிட்டேன் சார்."

"உள்ள வரலாமா?"

"ம், வாங்க."

மூச்சு வாங்கியபடி உள்ளே வந்தவர், "எங்களை ஏம்மா விரட்டுன?" என்றார்.

"அடுப்பு பத்த வச்சா எல்லார் வீட்டுலயும் வெளியதான சார் போவாங்க?"

"எங்க வீட்டுல அப்படியெல்லாம் கிடையாது" என்றாள் முதலாளி மகள். இவ்வளவு வசதி இருந்தும் ஒழுங்கு இல்லாத வீடு என்று அவளுக்காகப் பரிதாபப்பட்டேன். வகுப்பே சிரித்தது, ஆசிரியரும்தான்.

"சரி, நீ மட்டும் ஏன் உள்ள நின்ன?"

"பத்த வைக்கிற ஆளு உள்ளதான சார் நிக்கணும்? எங்கம்மா அப்படித்தான் நிப்பாங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். முழு மதிப்பெண் போட்டார். பதிலில் எங்கோ தப்பு செய்துவிட்டேனோ என்று எனக்குக் கவலை. மறு வருடம் டிப்ளமோவை நல்லபடியாக முடித்து, இப்போது கல்லூரியில் வேதியியலே படிக்கிறேன். அன்றைக்கு அவர் முகம் ஏன் அப்படி மாறியது என்பது மட்டும் வெகுநாள் விளங்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டில் வெற்றிக் கதையைச் சொல்லி முடித்தேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு எங்களை வெளியே அனுப்பினாள். தெருவில் நின்றபடி நான் கத்தினேன்: "எம்புட்டு நேரம்மா? பசிக்குது, சீக்கிரம் பத்த வை!"

"இரு பிள்ள" என்றாள், உள்ளே தனியாக நின்றுகொண்டு.