ஆளுக்குப் பாதி மிட்டாய்

பஸ் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர் மிளகாய். நேரில் மிளகாயக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் மிளகாய். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. நூல் அறுந்தால் நூலைத் திட்டுவாள். ரெக்சின் கோணலாக வந்தால் அதை அனுப்பிய கம்பெனியை, ஏற்றி வந்த வண்டியை, வண்டியை ஓட்டியவனை என்று வரிசையாகத் திட்டுவாள். முதலாளியே தன் அறையை விட்டு வெளியே வருமுன் அவளுடைய தையல் மெஷின் எப்படி ஓடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வருவார். தடதடவென்று ஓடினால் மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

இப்படிப்பட்டவளுக்கு மிட்டாய்ப் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் உண்மை அதுதான், அதற்குக் காரணமும் அந்தப் பட்டறைதான். கிழிந்த சீட்டைக் கழற்றி மேசைமேல் போட்டுப் பழைய உறையை உரிக்கும்போது, முதுகுப் பலகைக்கும் உட்காரும் பலகைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கிலிருந்து என்னென்னவோ விழும். சீப்பு விழும், பொத்தான் விழும், திருகு கழன்ற கம்மல் விழும். எல்லாவற்றையும்விட அதிகமாக விழுவது மிட்டாய்த் தாள். மற்றவர்கள் பெருக்கித் தள்ளிவிடுவார்கள். இவள் மட்டும் அதை எடுத்து, ஊதி, விரல் நகத்தால் நீவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பச்சைக் கோடு போட்டது, கிளி படம் போட்டது, ஒரு எழுத்தும் இல்லாமல் வெறும் வெள்ளியாக மின்னுவது. தாளோடு சேர்ந்து முழு மிட்டாயும் சில நேரம் கிடைக்கும். அதைத் தின்னமாட்டாள். பைத்தியம்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

தாள் கையில் கிடைத்ததும் முதல் கேள்வி வண்டியைக் கொண்டுவந்த டிரைவருக்கு. "இந்த வண்டி எந்த ரூட்டுல ஓடுது?" அடுத்த விடுமுறையில் அதே ரூட்டு பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, பெட்டிக்கடை பெட்டிக்கடையாகத் தாளை நீட்டுவாள். "இது இப்ப வர்றதில்லம்மா, இதையே மாதிரி வேற இருக்கு" என்று ஒரு கடைக்காரர் சொல்லிவிட்டால் போச்சு. "இதே மாதிரின்னா என்ன அர்த்தம்? உங்க பிள்ளையக் காணோம்னு தேடிப் போனா, அதே மாதிரி வேற ஒண்ணக் குடுத்தா வாங்கிட்டு வருவீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கடைக்குப் போவாள். கிடைத்துவிட்டால் மூன்று வாங்குவாள். அதற்குமேல் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பாள். ஒன்று ஜாடிக்கு. ஒன்று யாருக்காவது கொடுக்க. மூன்றாவது மிட்டாய் ஞாயிற்றுக்கிழமைக்கு.

ஞாயிற்றுக்கிழமை என்றால் தங்கை வீடு. தங்கை ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு முறை வந்ததோடு சரி. ஒற்றை அறையில் ஜாடிகளோடு இருப்பவள் அவள். வாரம் முழுக்கத் திட்டியும் திட்டு வாங்கியும் கழிப்பவள், ஒரு மனுஷியோடு ஆற அமர உட்கார்வது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான்.

மிட்டாய் தின்பதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அக்கா தாளைப் பிரித்து உடனே பையில் போட்டுவிட வேண்டும், தங்கை பார்க்கக் கூடாது. மிட்டாயைத் துணியில் சுற்றி, பட்டறை மரச்சுத்தியலால் ஒரே அடி. ஆளுக்குப் பாதி. தங்கையின் வாயில் அக்காவே போடுவாள். பிறகு இருவரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கரையும்வரை மூச்சு விடலாம், பேசக் கூடாது. கரைந்ததும் தங்கைதான் முதலில் சொல்ல வேண்டும். அதுதான் தீர்ப்பு. "நல்லா இருக்கு" என்ற வார்த்தைக்கு மட்டும் அந்த அறையில் தடை.

தங்கையின் நாக்கு தங்கம் என்று அக்கா பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். "முதல்ல ஆரஞ்சு, அப்புறம் யாரோ ஆரஞ்சுத் தோலை உரிச்சுட்டுக் கை கழுவாம சோப்பத் தொட்ட மாதிரி ஒரு வாசனை" என்று தங்கை மெதுவாகச் சொல்லும்போது அக்காவுக்கு வாயடைத்துப் போகும். தானும் அதே பாதியைத்தானே தின்றோம், தனக்கு ஏன் வார்த்தை வரவில்லை என்று நினைத்துக்கொள்வாள். "நான் பொறுக்குறவ, ருசி பாக்குறவ அவதான்" என்பாள். ஜாடிகள் அலமாரியில் எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பது தங்கையின் தீர்ப்புப்படிதான். கொடுக்கிற மிட்டாய் யாருக்கு என்பதும் அப்படியே. புளிப்பு வெல்டருக்கு, காரமானது இருமிக்கொண்டே இருக்கும் வாட்ச்மேனுக்கு, திகட்டுவது முதலாளிக்கு.

போன வருஷம் தங்கைக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகு தீர்ப்புகள் சுருங்கிவிட்டன. "புளிப்பு." "பால்." "ரொம்ப இனிப்பு." அக்கா கவனிக்காமல் இல்லை. ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நிற்கிறாள், அலுப்பு என்று விட்டுவிட்டாள்.

எல்லாம் உடைந்தது ஒரு பல்வலியால். கடைவாய்ப் பல்லில் ஓட்டை. டாக்டரிடம் போகாமல் கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கை வீட்டுக்கு வந்தாள் அக்கா. பையில் ஒரு பால் மிட்டாய். சுத்தமான பால் மிட்டாய், வேறு ஒரு சங்கதியும் அதில் கிடையாது. உடைத்தார்கள், போட்டுக்கொண்டார்கள், கண்ணை மூடினார்கள். அக்காவின் பாதி நேராகப் போய் ஓட்டைப் பல்லில் விழுந்தது. உச்சந்தலைவரை சுரீர் என்று ஏறியது. முகம் கோணி, உதடு சுருங்கி, ஒரு கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஆனால் பேசவும் கூடாமல், பல்லைக் கடிக்கவும் முடியாமல் அப்படியே பொறுத்துக்கொண்டாள்.

கரைந்தது. தங்கை சொன்னாள்.

"அப்பா! என்னா புளிப்பு!"

அக்கா கண்ணைத் திறந்தாள். தங்கை சாந்தமாக உட்கார்ந்திருந்தாள், புளிப்பு தின்ற முகமே இல்லை.

"புளிப்பா?"

"ஆமா. எலுமிச்சையவிட ஜாஸ்தி."

அக்கா பைக்குள் கையை விட்டாள். வழியில் வாங்கிய இஞ்சி மிட்டாய் ஒன்று இருந்தது. கொளுத்தும் காரம், சளி பிடித்தவன்கூட அதன் பெயரைச் சொல்லிவிடுவான். அதைத் துணியில் சுற்றி அடித்தாள். தங்கை வாயில் போட்டாள். தன் பாதியை வாயில் போடாமல் கைக்குள் மறைத்துக்கொண்டு, கண்ணை மூடுவதுபோல் மூடி, இமை இடுக்கில் பார்த்தபடி, சர்க்கரைப் பாகில் விழுந்த ஈபோல முகத்தில் ஒரு பரவசத்தைக் கொண்டுவந்தாள்.

தங்கையின் கண்கள் இரண்டும் திறந்திருந்தன. பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்ப்பதுபோல, அக்காவின் முகத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இது நல்ல இனிப்பு. தேன் மாதிரி" என்றாள்.

"இஞ்சிடி!" அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "இஞ்சிடி அது, இஞ்சி! இந்தா என் பாதி, மோந்து பாரு!"

தங்கை மோந்து பார்க்கவில்லை. பார்த்தும் பிரயோசனம் இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. சமையலறையிலிருந்து அவள் புருஷன் ஓடி வந்தான். சாய்ந்த நாற்காலியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், விஷயம் புரிந்துவிட்டது.

"அக்கா, கோபப்படாதீங்க. அந்தக் காய்ச்சல்ல அவளுக்கு மூக்கும் நாக்கும் போச்சு. டாக்டர் வரலாம்னாரு, இன்னும் வரல. வீட்டுல உப்பு காரம்கூட நான்தான் பாத்துப் போடுறேன்."

"ஓ, உங்களுக்கும் தெரியும்!" அக்காவின் குரல் மாடிப்படி வரை கேட்டது. "டாக்டருக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும், அந்த ஜெராக்ஸ் மெஷினுக்குக்கூடத் தெரியும்! நான் மட்டும்தான் காதுல பூ வெச்சுட்டு வந்து உக்காந்திருக்கேன். கண்ண மூடுடி, மூடுடின்னு சொல்லி நானும் மூடிட்டு உக்காந்தா, நீ என் மூஞ்சில சினிமா பாத்துட்டு இருந்திருக்க!"

"சினிமா இல்லக்கா..."

"வாய மூடு! ஒரு வருஷமா நீ சொன்னதக் கேட்டு ஜாடி மாத்தி ஜாடி அடுக்கியிருக்கேன். வாட்ச்மேன்கிட்ட, என் தங்கச்சி சொன்னா சரியா இருக்கும்னு சொல்லிக் குடுத்திருக்கேன். எல்லாம் பொய்!"

"பொய் இல்லக்கா." தங்கை முதல் முறையாகக் குரலை உயர்த்தினாள். "உனக்குப் புளிச்சா இடது புருவம் ஏறும். பால்னா கழுத்து சாயும். பிடிக்கலன்னா மூக்கு மட்டும் சுருங்கும், வாய் சிரிச்ச மாதிரியே இருக்கும். அதத்தான் நான் சொன்னேன். இந்த வருஷம் சொன்னதெல்லாம் உன் தீர்ப்புதான். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

வேறு யாராவதாக இருந்தால் இதைக் கேட்டுக் கொஞ்சம் குளிர்ந்திருப்பார்கள். தன் நாக்கும் தங்கம்தான் என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எனக்கு என் தீர்ப்புதான் வேணும்னா நான் தனியா உக்காந்து முழுசா தின்னுருப்பேனேடி! எதுக்கு பஸ் ஏறி வர்றேன், எதுக்கு சுத்தியலத் தூக்கிட்டு வர்றேன்? ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ வர்றத நிறுத்திடுவே" என்றாள் தங்கை.

அக்கா சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள். சாத்திய சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "என்ன பாக்குறீங்க?" என்று அதையும் திட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்த வாரம் பட்டறையில் யாரும் அவள் பக்கம் போகவில்லை. மெஷின் தடதடவென்று ஓடியது, ஊசி உடைந்தது, மாற்றினாள், மறுபடி உடைந்தது. வெல்டர், "இன்னிக்கு மிட்டாய் இல்லையாக்கா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். வீட்டில் ஜாடிகளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் இறக்கிக் கொட்டிவிடலாம் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கொட்டுவதற்கு மனம் வரவில்லை என்பதற்காகத் தன் மேலேயே ஒரு கோபம் வந்தது, இறங்கிவிட்டாள். பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டாள். டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டதற்கு, வேறு இடத்தில் வலிக்கிறது என்று அவரிடம் எரிந்து விழுந்தாள்.

கோபம் எதற்கு என்று அவளுக்கே சரியாகப் பிடிபடவில்லை. ஏமாற்றிவிட்டாள் என்பதா? ஏமாற்றித்தான் இருக்கிறாள். ஆனால் தையல் ஓடும்போது அவளுக்கு நினைவு வந்தது வேறு. அந்த வருஷம் ஞாயிறுதோறும் தங்கை வாயில் தானே போட்ட துண்டுகள். மண்ணாங்கட்டியை மெல்லுவதுபோல, ருசியில்லாத கல்லை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்து, எதிரே ஒருத்தி ரசித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லி அழாமல் உட்கார்ந்திருக்கிறாள். அதை நினைத்ததும் காலுக்கடியில் பெடலை இன்னும் அழுத்தினாள், ஊசி மறுபடி உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை போவதில்லை என்றுதான் இருந்தாள். சாப்பிட்டாள், படுத்தாள், எழுந்தாள், பையைத் தூக்கிக்கொண்டு போனாள். கதவைத் திறந்த தங்கை ஒதுங்கி வழிவிட்டாள். "வாங்க அக்கா" என்று பின்னாலிருந்து சொன்ன புருஷனை, "நீங்க உள்ள போங்க மாப்பிள்ளை, உங்க கணக்கு தனியா இருக்கு" என்று அனுப்பிவிட்டாள்.

உட்கார்ந்தாள். மிட்டாயை எடுத்தாள். இந்த முறை தாளை மறைக்கவில்லை. நீலத் தாள், நடுவில் ஒரு மணி. அதைத் தங்கை கையில் கொடுத்தாள். சுற்றினாள், அடித்தாள். கொஞ்சம் பலமாகவே அடித்துவிட்டாள், ஒரு பாதி தூளாகிவிட்டது. முழுசாக இருந்த பாதியைத் தங்கை வாயில் போட்டு, தூளைத் தான் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"என்ன ருசி?" என்று கேட்டாள்.

தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப சொல்லு. என்ன ருசி?"

தங்கை மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டினாள்.

"தெரியலக்கா."

"சத்தமா சொல்லு."

"தெரியல. ஒண்ணுமே தெரியல. கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கு. சோறும் அப்படித்தான் இருக்கு. காப்பி வெறும் சூடா இருக்கு, அவ்வளவுதான்." அதற்குமேல் தங்கையால் பேச முடியவில்லை. வாயில் மிட்டாயோடு விசும்பினாள்.

அக்கா திரும்பவில்லை.

"நான் என்னிக்காவது உனக்குப் பாதி குடுக்காம தின்னுருக்கேனா?" என்றாள் சுவரைப் பார்த்து. குரலில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. "தூளானாலும் அள்ளிக் குடுத்திருக்கேன்ல? நீ மட்டும் இந்தக் கஷ்டத்த ஒரு வருஷமா முழுசா நீயே வெச்சுக்கிட்டியேடி."